எந்த அடைப்புக்கு அவசரம்?

போபாலில் ஓர் அப்பா. வயது 74. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை காபி டம்ளரைக் கையில் எடுத்தார். வலது கை துவண்டு டம்ளர் கீழே விழுந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "ராத்திரி சரியாத் தூங்கலை, அதான்" என்றார். உடனே டாக்டரிடம் போகலாம் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். மகனுக்கு ஆபீசில் ஆடிட். பேத்திக்குப் பரீட்சை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

டோம்பிவிலியில் இன்னொரு அப்பா. வயது 76. ஒரு தொந்தரவும் இல்லை. தினமும் காலையில் நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். பிறந்த நாளுக்காக மகள் அவரை முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். அந்த பேக்கேஜில் கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேனும் சேர்த்தி. 'இடது உள் கரோடிட் தமனியில் 70 சதவீத அடைப்பு' என்று ரிப்போர்ட் வந்தது. அன்று இரவே புனேயில் இருந்து மகன் வந்துவிட்டான். மறுநாள் வீட்டில் ஒரே பேச்சுதான்: ஸ்டென்ட் வைக்க எவ்வளவு ஆகும், எந்தக் கிழமை அட்மிட் ஆகலாம்?

இருவரும் உதாரணத்துக்காகச் சொல்லப்பட்டவர்கள். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்களை நமக்கு நன்றாகத் தெரியும். நாமேகூட அப்படி ஒரு குடும்பமாக இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அவசரப்பட வேண்டிய குடும்பம் நிதானமாக இருக்கிறது. நிதானமாக இருக்கலாம் என்ற நிலையில் உள்ள குடும்பம் பதறுகிறது. போபால் அப்பாவுக்குக் கையில் இருப்பது சில நாட்கள். டோம்பிவிலி அப்பாவுக்கு யோசிக்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. கத்தியோ ஸ்டென்டோ இல்லாமலேகூட அவர் காலம் நன்றாகப் போய்விடலாம்.

இந்த வித்தியாசத்தை ரிப்போர்ட்டில் உள்ள சதவீதம் மட்டும் சொல்லாது. அடைப்பு ஏற்கெனவே மூளையைத் தொட்டிருக்கிறதா, தொட்டிருந்தால் எப்போது என்ற கேள்விதான் சொல்லும்.

குழாயில் என்ன நடக்கிறது?

இதயத்தில் இருந்து மூளைக்குப் போகும் ரத்தத்தின் பெரும் பகுதி கழுத்தின் இரு பக்கமும் உள்ள கரோடிட் ரத்தக் குழாய்கள் வழியாகப் போகிறது. தாடைக்குக் கீழே விரலை வைத்தால் துடிப்பது இதுதான். அந்த இடத்துக்கு அருகில் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முகத்துக்கு, மற்றது மூளைக்கும் கண்ணுக்கும். பிரியும் இடத்தில் ரத்த ஓட்டம் சுழித்துக்கொண்டு போவதால் கொழுப்பும் சுண்ணாம்பும் அங்கேதான் அதிகம் படிகின்றன. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகையிலை எல்லாம் சேர்ந்து பல வருஷங்களில் செய்யும் வேலை இது.

அடைப்பு என்றதும் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்ட மாதிரி நினைத்துக்கொள்கிறோம். குழாய் குறுகிவிட்டது, தண்ணீர் போகவில்லை, குத்தி எடுத்துவிட வேண்டும் என்று. கரோடிட் விஷயத்தில் இது பாதி உண்மை. மூளைக்கு இரண்டு கரோடிட் குழாய்களும், பின்கழுத்து வழியாக வேறு இரண்டு குழாய்களும் போகின்றன. மூளையின் அடிப்பக்கத்தில் இவை வளையமாக இணைகின்றன. அதனால் ஒரு பக்கம் முழுவதும் மூடிக்கொண்டும் எந்தக் குறையும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஆபத்து வேறு வகையில் வருகிறது. படிந்த கொழுப்பின் மேல்தோல் வெடிக்கிறது, அதில் ரத்தம் உறைகிறது, உறைந்த துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளையில் ஒரு சிறு குழாயை அடைக்கிறது. துணுக்கு தானாகக் கரைந்துவிட்டால் பத்து நிமிடத்தில் கை சரியாகிவிடும். கரையாவிட்டால் பக்கவாதம்.

போபால் அப்பாவுக்கு நடந்தது முதல் வகை. மினி ஸ்ட்ரோக் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அடுத்த துணுக்கும் கரைந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எவையெல்லாம் கரோடிட் அடைப்பின் அடையாளம்? ஒரு பக்கத்துக் கையோ காலோ திடீரென்று பலமிழப்பது அல்லது மரத்துப்போவது. முகம் ஒரு பக்கம் கோணுவது. பேச்சு குழறுவது, அல்லது வார்த்தை வராமல் தவிப்பது. ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியது போலப் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்புவது. கை, கால் என்றால் அடைப்பு எதிர்ப் பக்கத்துக் கழுத்தில் இருக்கும். கண் என்றால் அதே பக்கத்தில்.

எவை பொதுவாக இதில் சேராது என்பதும் முக்கியம். வெறும் தலைசுற்றல், மயக்கம், மறதி, இரண்டு பாதங்களிலும் எரிச்சல் ஆகியவற்றுக்குக் கரோடிட் அடைப்பு காரணமாக இருப்பது அபூர்வம். ஆனால் தலைசுற்றலுக்காக டாப்ளர் எடுத்து, அதில் தற்செயலாக ஓர் அடைப்பு தெரிந்து, 'இதனால்தான் சுற்றுகிறது' என்று ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் தலைசுற்றல் அப்படியேதான் இருக்கும்.

போபால் அப்பாவுக்கு நாள் கணக்கு

முதலில் ஒரு சிறு வரலாறு. கழுத்துக் குழாய் அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பை 1951ல் தெளிவாக எழுதியவர் கனடாவைச் சேர்ந்த நரம்பியல் டாக்டர் மில்லர் ஃபிஷர். 1954ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் 66 வயதுப் பெண்மணி ஒருவருக்குக் கழுத்துக் குழாயில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்கு முன் அவருக்கு 33 தடவை மினி ஸ்ட்ரோக் வந்திருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி 1953லேயே ஒரு பஸ் டிரைவருக்கு இதைச் செய்துவிட்டார். ஆனால் அதைப் பற்றி 1975ல்தான் எழுதினார். அதன் பிறகு அமெரிக்காவில் இந்த அறுவை சிகிச்சை காட்டுத் தீயாகப் பரவியது. 1985ல் அங்கே ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் நடந்தது. இதனால் யாருக்கு நன்மை என்பதற்கு உறுதியான சான்று அப்போது இல்லை.

சான்று 1991ல் கிடைத்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் ஒரே பதிலைச் சொல்லின. மினி ஸ்ட்ரோக் அல்லது லேசான பக்கவாதம் வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களை வட அமெரிக்க ஆராய்ச்சியில் இரண்டு பிரிவாக்கினார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். ஆறு பேருக்குச் செய்தால் ஒருவர் தப்பிக்கிறார். மருத்துவத்தில் இது பெரிய லாபம். 50 முதல் 69 சதவீத அடைப்புக்கு லாபம் குறைவு. ஐந்து ஆண்டுகளில் 22 என்பது சுமார் 16 ஆயிற்று. 50க்குக் கீழே இருந்தால் அறுவை சிகிச்சையால் பயன் இல்லை.

2004ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ரோத்வெல் குழுவினர் இந்த ஆராய்ச்சிகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மினி ஸ்ட்ரோக் வந்து இரண்டு வாரத்துக்குள் சேர்ந்தவர்களில் 5 பேருக்கு அறுவை செய்தால் ஒரு பக்கவாதம் தடுக்கப்பட்டது. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் தாமதித்தவர்களில் ஒன்றைத் தடுக்க 125 பேருக்குச் செய்ய வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை அதேதான், அடைப்பும் அதேதான். போனது நாட்கள் மட்டும்.

'இந்த வயசில் எதுக்கு ஆபரேஷன்' என்று சொல்லும் உறவினர்கள் கவனிக்க வேண்டிய கணக்கும் அதில் இருக்கிறது. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 5 பேருக்குச் செய்தால் ஒரு பக்கவாதம் தடுக்கப்பட்டது. 65க்குக் கீழே உள்ளவர்களில் 18 பேருக்குச் செய்ய வேண்டியிருந்தது. அறிகுறி வந்துவிட்ட பெரியவர்களுக்குத்தான் லாபம் அதிகம். இதயமும் நுரையீரலும் தாங்கும் என்றால் வயதை மட்டும் காட்டி மறுப்பது தவறு.

அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலையும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 2007ல் வெளியான இன்னோர் ஆய்வில், மினி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு ஒரு சிறப்பு கிளினிக்கில் உடனே மருந்து தொடங்கினார்கள். 90 நாட்களுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 10 சதவீதத்தில் இருந்து 2 சதவீதமாகக் குறைந்தார்கள். புதிய மருந்து எதுவும் இல்லை. ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை போன்றவைதான். சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே போபால் குடும்பம் செய்ய வேண்டியது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போவது. மூளைக்கு ஸ்கேன், கழுத்துக்கு டாப்ளர், இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று ஈ.சி.ஜி. மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு டாக்டர் ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல்லையும் சில வாரங்களுக்குச் சேர்த்துத் தருவதுண்டு. ஸ்கேனுக்கு முன்பு வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். கசிவாக இருந்தால் அது கேடு. அடைப்பு பெரியது என்று தெரிந்தால் இரண்டு வாரத்துக்குள் அறுவை. எந்த நாள் என்பதை நரம்பியல் டாக்டரும் அறுவை டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

பத்து நிமிடத்தில் சரியாகாமல் கை துவண்டபடியே இருந்தால்? அப்போது டாப்ளர் பற்றிய யோசனையே வேண்டாம். சி.டி. ஸ்கேனும் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அந்த ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது அதுதான்.

கத்தியா, ஸ்டென்டா?

அறுவை சிகிச்சையில் கழுத்தில் சில அங்குலம் கீறி, குழாயைத் தற்காலிகமாகக் கிளிப் போட்டு நிறுத்தி, திறந்து, உட்சுவரில் படிந்ததை உரித்து எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு ஒட்டு வைத்துத் தைக்கிறார்கள். முழு மயக்கத்திலும் செய்யலாம், கழுத்தை மட்டும் மரக்கச் செய்தும் செய்யலாம். 3,500 பேருக்கு மேல் கலந்துகொண்ட 2008ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குரல் கம்முவது, நாக்கு ஒரு பக்கம் இழுப்பது, தாடை மரப்பது போன்றவை சிலருக்கு வரும். பெரும்பாலும் நாளடைவில் சரியாகும். அறுவையின்போதே பக்கவாதமோ மாரடைப்போ வருவதுதான் உண்மையான அபாயம்.

ஸ்டென்ட் என்றால் தொடை வழியாகக் கம்பியைச் செலுத்தி, மார்பில் உள்ள பெருந்தமனி வளைவைக் கடந்து, கழுத்தில் வலைக்குழாயை விரிக்கிறார்கள். தையல் இல்லை, தழும்பு இல்லை. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துப் பழகிய நமக்கு இதுதான் நவீனம், அதுதான் பழசு என்று தோன்றும். ஆனால் வயதானவர்களின் பெருந்தமனி வளைந்து நெளிந்து சுண்ணாம்பு படிந்திருக்கும். கம்பி உரசிப் போகும்போதே துணுக்குகள் பெயர்ந்து மூளைக்குப் போகலாம். 2010ல் வெளியான கிரெஸ்ட் ஆராய்ச்சியில் 2,502 பேர் இருந்தார்கள். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.1 சதவீதம், அறுவை செய்தவர்களில் 2.3 சதவீதம். மாரடைப்பு நேர்மாறாக ஸ்டென்டில் 1.1, அறுவையில் 2.3. சுமார் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே மேல் என்றும் தெரிந்தது.

ஸ்டென்டுக்கும் இடம் உண்டு. கழுத்தில் ஏற்கெனவே அறுவை நடந்தவர்கள், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுத்தவர்கள், கத்திக்கு எட்டாத உயரத்தில் அடைப்பு உள்ளவர்கள், இதயம் மிகவும் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு அது நல்ல வழி. உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் சிபாரிசு செய்தால் அது அவருக்குப் பொருந்துவதாலா, அல்லது அந்த மருத்துவமனையில் அது மட்டும்தான் செய்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

டோம்பிவிலி அப்பாவுக்கு நேரம் இருக்கிறது

அறிகுறியே இல்லாத அடைப்பின் கதை வேறு. 1995ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், 60 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தும் தொந்தரவு இல்லாதவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் பக்கவாத ஆபத்து மருந்தோடு 11 சதவீதம், அறுவையோடு 5 சதவீதம். வருஷத்துக்கு ஒரு சதவீதம் சொச்சம் லாபம். ஆபத்தை முதல் நாளே ஏற்றுக்கொள்கிறோம், லாபம் தவணையில் வருகிறது. அதை முழுக்கப் பெற இன்னும் ஐந்து ஆண்டாவது நல்ல ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும். 2004ல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியில் 75 வயதைத் தாண்டியவர்களுக்குத் தெளிவான லாபம் தெரியவில்லை. அறிகுறி வந்தவர்களுக்கு வயது அறுவைக்குச் சாதகம் என்று பார்த்தோம். அறிகுறி இல்லாதவர்களுக்கு அதே வயது எதிராகத் திரும்புகிறது.

இதற்கிடையில் மருந்துகளும் முன்னேறிவிட்டன. 2025 நவம்பரில் வெளியான கிரெஸ்ட்-2 என்ற ஆராய்ச்சி, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தும் அறிகுறி இல்லாத சுமார் 2,500 பேரை நான்கு ஆண்டு கவனித்தது. எல்லோருக்கும் கண்டிப்பான மருந்துச் சிகிச்சை. ஸ்டென்ட் பகுதியில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 6 சதவீதத்துக்குப் பாதிப்பு, ஸ்டென்டும் வைத்தவர்களில் 2.8. அறுவைப் பகுதியில் மருந்து மட்டும் 5.3, அறுவையும் செய்தவர்கள் 3.7. இந்த இரண்டாவது வித்தியாசம் புள்ளிவிவரப்படி உறுதியானதல்ல. ஸ்டென்ட் வைத்தவர்கள் எல்லோரும் கடுமையாகத் தேர்வு செய்யப்பட்ட, கைதேர்ந்த டாக்டர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த எண்களைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மருந்து மட்டும் சாப்பிட்ட 100 பேரில் 94 பேர் நான்கு ஆண்டுகளைப் பாதிப்பில்லாமல் கடந்தார்கள். சிகிச்சை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சிலருக்குத் தேவைப்படும். ஆறு மாத இடைவெளியில் அடைப்பு வேகமாக வளர்ந்தால், மூளை ஸ்கேனில் தெரியாமலே வந்துபோன பழைய பாதிப்பின் வடு இருந்தால், படிவு மெத்தென்று வெடிக்கும் தன்மையோடு இருந்தால் டாக்டர் யோசிப்பார். ஆனால் வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்து சனிக்கிழமை அட்மிட் ஆக வேண்டிய விஷயம் இது அல்ல. அறிகுறி இல்லாத சாதாரண மக்களுக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டாம் என்றுதான் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்புக் குழு 2014லும் 2021லும் சொன்னது. நம் ஊர் பேக்கேஜ்கள் வேறு மாதிரி.

அந்த 70 சதவீதமே சரிதானா என்பதும் ஒரு கேள்வி. டாப்ளர் அளப்பது ரத்தம் பாயும் வேகத்தை. அதை வைத்து அடைப்பை மதிப்பிடுகிறார்கள். விநாடிக்கு 230 சென்டிமீட்டருக்கு மேல் வேகம் இருந்தால் பொதுவாக 70க்கு மேல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் செய்பவரின் கையைப் பொறுத்தும் மாறும். குறுகலை அளக்க வட அமெரிக்க முறை, ஐரோப்பிய முறை என்று இரண்டு உண்டு. ஒன்றில் 50 என்பது மற்றதில் 70ஐத் தாண்டிவிடும். ஆகவே சி.டி. ஆஞ்சியோ அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ மூலம் உறுதி செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சி.டி. ஆஞ்சியோவுக்குச் சாயம் ஏற்றுவார்கள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அதற்கு முன் கிரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். 100 சதவீதம் மூடிவிட்ட குழாயைப் பொதுவாகத் திறப்பதில்லை. கேட்கவே பயமாக இருந்தாலும், வளையத்தின் வழியாக மூளை வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும். அதைச் சுற்றி பைபாஸ் போட்டால் நல்லது என்ற எண்ணத்தை 1985லும் 2011லும் வந்த ஆராய்ச்சிகள் பொய்யாக்கின. இன்னொன்று, இந்தியர்களுக்கும் மற்ற ஆசியர்களுக்கும் கழுத்தைவிட மண்டைக்குள் இருக்கும் குழாய்களில் அடைப்பு அதிகம் காணப்படுகிறது. அதற்குக் கழுத்து அறுவை பயன்படாது. அங்கே ஸ்டென்ட் வைத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியில் முதல் மாதத்திலேயே 14.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 5.8. அடைப்பு எந்த மாடியில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பொதுவானது

அறுவையோ ஸ்டென்டோ எதுவாக இருந்தாலும், இரண்டும் இல்லாவிட்டாலும், இரண்டு அப்பாக்களுக்கும் தினசரி வைத்தியம் ஒன்றுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. கொலஸ்ட்ரால் குறைக்கும் ஸ்டேட்டின். மினி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 70க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை கட்டுப்பாடு. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றுக்கும் முழுக்கு. கொலஸ்ட்ரால் சரியாகிவிட்டது என்று ஸ்டேட்டினை நிறுத்துகிறவர்கள் ஏராளம். சரியானது அந்த மாத்திரையால்தான். பூண்டுச் சாறு, இஞ்சிச் சாறு, அடைப்பைக் கரைக்கும் லேகியம் எதுவும் இதற்கு மாற்று இல்லை.

அறுவை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில. போன வருஷம் நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? அவர்களில் ஒரு மாதத்துக்குள் பக்கவாதம் வந்தவர்கள், இறந்தவர்கள் எத்தனை பேர்? அறிகுறி வந்தவர்களில் இது 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வராதவர்களில் 3ஐத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட எல்லை. அதற்கு மேல் போனால் சிகிச்சையே லாபத்தைத் தின்றுவிடும். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அறுவை செய்யப் போகிறவர் அல்லாத ஒரு நரம்பியல் டாக்டரிடமும் கருத்துக் கேளுங்கள். போபால் அப்பாவுக்கு அதை ஒரே நாளில் முடிக்க வேண்டும். டோம்பிவிலி அப்பாவுக்கு ஸ்கேன் படங்களைப் பெரிய அரசு நிறுவனம் ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் காட்ட நேரம் இருக்கிறது.

செலவு பற்றி ஒரு வார்த்தை. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. ரயில்வே, மத்திய அரசு, ராணுவ ஓய்வூதியர்களுக்குத் தனித் திட்டங்கள் உள்ளன. எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சை என்பது ஊருக்கு ஊர் மாறும். கார்டு இருக்கிறதா, எங்கே செல்லும் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். மினி ஸ்ட்ரோக் வந்த இரண்டு வாரத்தில் பாதியை கவுன்ட்டரில் கழிக்கக் கூடாது.

இவ்வளவு பேச்சிலும் ஒருவரைக் கேட்க மறந்துவிடுகிறோம். அப்பாவைத்தான். மகன் ஒன்று சொல்கிறான், மகள் ஒன்று சொல்கிறாள், துபாயில் இருக்கும் தம்பி போனில் ஒன்று சொல்கிறான். பக்கவாதம் வந்து படுத்துவிடுவோமோ என்று அவர் பயப்படலாம். அறுவை மேஜையிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயப்படலாம். எண்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது எந்தப் பயம் பெரியது என்பதை அவர்தான் சொல்ல முடியும். எண்களை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். ரயில்வேயில் கணக்குப் பார்த்தவருக்கு இது பெரிய கணக்கு இல்லை.

கடைசியாக, இரண்டு வீடுகளிலும் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம். பெரியவர்கள் சின்னத் தொந்தரவை வெளியில் சொல்வதில்லை. பிள்ளைகளுக்குச் சிரமம் என்று மறைப்பார்கள். போபால் அப்பாவின் டம்ளர் மருமகளின் கண் எதிரே விழுந்தது. அவர் தனியாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "கை துவண்டாலும், பேச்சு குழறினாலும், கண்ணு இருட்டினாலும், உடனே சரியாயிட்டாலும் பரவாயில்லை, ராத்திரி ரெண்டு மணியானாலும் எழுப்பிச் சொல்லுங்கப்பா" என்று அப்பாவிடம் இன்று இரவு சொல்லிவிடுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்.